முருகைக்கல்லின் பூர்வீகம்

கடலடிப் பவளமான முருகைக்கல் செத்துப்போய்விடும் என்ற பயத்தில் கரையோரக் காப்பு அதிகாரி நளீர் அதற்கு மூச்சுக்காற்று கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேசை நடுவில் ஒரு நீல வாளி. வாளி நிறையக் கடல் தண்ணீர். வண்ணமீன் தொட்டிக்குப் போடுகிற சின்ன மோட்டர் ஒன்று விளிம்பில் தொங்கியபடி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குமிழிகளுக்குள்ளே, வெள்ளையுமில்லாத மஞ்சளுமில்லாத நிறத்தில், கிளைக்குள் கிளையாகப் பிரிந்து, உள்ளங்கை அளவுப் புதராக நின்றது சான்றுப் பொருள். தண்ணீருக்கு அரக்கு முத்திரை குத்த முடியாது என்பதால் வாளியின் கைப்பிடியில் குத்தியிருந்தார்கள்.

“தொடக் கூடாது,” என்றார் நளீர். “பாக்க மட்டும்தான் அனுமதி.”

சித்தி லெய்லா மூக்குக்கண்ணாடியை முக்காட்டின் நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். அவருடைய உதவியாளன் கெவினும் பின்னால் குனிந்து, இதற்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்டான். கேலி என்று நளீருக்கு விளங்கவில்லை. காலையில் ஒரு சொட்டு மீன் சாறு விடுவதாக மெய்யாகவே பதில் சொன்னார்.

புத்தளத்தில் சித்தி லெய்லாவைத் தெரியாத மாப்பிள்ளை வீடு கிடையாது. பயப்படாத மாப்பிள்ளை வீடும் கிடையாது. பலகையில் துப்பறியும் நிலையம் என்று எழுதியிருந்தாலும் அங்கே வருகிற வேலையில் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பதுதான். அதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார். அவன் எங்கே குந்தியிருக்கிறான், எதைத் தின்கிறான், யாரோடு ஒட்டிக்கொண்டு வளர்கிறான் என்று மட்டும் பார்ப்பார். ஆளைப் பற்றி ஆளே சொல்வதைவிட அவன் இருக்கிற இடம் கூடுதலாகச் சொல்லும் என்பது அவர் கட்சி. கெவின் சிலாபத்துக்காரன். ஓட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. இரண்டிலும் பிரேக் கொஞ்சம் பிழை.

இன்றைக்கு அவர்கள் கண்டல்துறைக்கு வந்த காரியம் மாப்பிள்ளை அல்ல. சிலாபம் பக்கத்து மீனவர் யாகப்பு, கடல் அடங்குகிற பருவத்தில் மனைவி அல்பொன்சாவோடு இங்கே வந்து கரையில் வாடிக் குடிசை அடித்துத் தொழில் செய்கிறவர். இந்த முறை வந்து இறங்கியதும், வள்ளத்தின் பதிவு இலக்கம் அழிந்து கிடக்கிறது என்று சொல்லிக் கரையோரக் காப்புக் காரியாலயம் வள்ளத்தை வளவுக்குள் இழுத்து வைத்தது. இலக்கத்தைத் திரும்ப எழுதினால் விட்டுவிடுகிற விஷயம்தான். அதற்கான பத்திரத்துக்கு யாகப்பு சிலாபத்துக்கும் இங்கேயுமாக அலைந்த நாட்களில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்ட ஒரு காலையில், வெளியே நின்றபடி வள்ளத்துக்குள் கையை விட்டு வலையைப் புரட்டிய நளீரின் கையில் இந்தப் புதர் அகப்பட்டது.

முருகைக்கல் உடைப்பது குற்றம். வைத்திருப்பதும் குற்றம். நாளைக்குப் புத்தளத்தில் வழக்கு. வழக்குத் தோற்றால் யாகப்புவுக்குச் சிறை மறியல், வள்ளம் அரசாங்கத்துக்கு. அந்த வள்ளத்தைத் தவிர அந்தக் குடும்பத்துக்கு வேறு ஒன்றும் கிடையாது. நேற்று அல்பொன்சா பஸ் பிடித்துப் புத்தளத்துக்கு வந்து, லெய்லாவின் கதிரையில் இருந்து அழுதுவிட்டுப் போயிருந்தார்.

நளீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் அவருக்கு மதுரங்குளியில் ஒரு சம்பந்தம் பேசியபோது விசாரிக்கப் போனவர் லெய்லா. நேர்மையான பொடியன்தான், ஆனால் காகம் வெள்ளை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் காகத்துக்குப் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான் என்று அறிக்கை கொடுத்தார். சம்பந்தம் நின்றுபோனது. நளீர் பிறகு கற்பிட்டியில் கலியாணம் கட்டி, மூன்று பிள்ளைகளோடு சந்தோசமாகத்தான் இருக்கிறார். ஆனாலும் அந்தக் காகத்தை அவர் மறக்கவில்லை.

“தம்பி, இதின்ட அடியில நூல் கட்டியிருக்கு,” என்றார் லெய்லா. “நூல்ல ஒரு கூழாங்கல்லும் தொங்குது. அதுவும் வள்ளத்துக்குள்ள கிடந்ததா?”

நளீர் கொஞ்சம் நெளிந்தார். அதைக் கட்டியது தானே என்றும், கட்டாவிட்டால் மேலே வந்துவிடுகிறது என்றும் சொன்னார்.

“மிதக்குதா?”

“பலவீனமா இருக்கு. அதால நிக்க ஏலாம இருக்கு.”

“முருகைக்கல் மிதக்குமெண்டா எங்கட தீவெல்லாம் எப்பவோ இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் சேர்,” என்றான் கெவின்.

முருகையில் மென்மையான சாதியும் உண்டு, அது கல்லைப் போல இருக்காது என்று நளீர் விளங்கப்படுத்தினார். அது உண்மையும்கூட. இது அதிலும் அபூர்வமான மெதுச் சாதி, இந்தக் கரையில் இதுவரை ஒருவரும் கண்டிராதது. சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. தொட்டிலில் பிள்ளை நித்திரை கொள்ளும் வீட்டில் கதைப்பது போலக் கதைத்தார்.

லெய்லா மூக்கை வாளிக்குக் கிட்டக் கொண்டுபோனார். கடல் நாற்றத்துக்கு அடியில் வேறு ஒரு வாசனை இருந்தது. மழைக்குப் பிறகு விறகுக் கொட்டிலுக்குள் வருகிற வாசனை. தண்ணீரின் மேலே ஒரு சின்ன மரவட்டை செத்து மிதந்தது. மரவட்டை முத்துக் குளிக்கப் போகாது என்று அவர் மனதுக்குள் குறித்துக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுத்து நாலு பக்கத்திலும் படம் பிடித்து, பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கிற தம்பி மகள் றிப்னாவுக்கு அனுப்பினார். பிளேன்டீ வந்து குடித்து முடிவதற்குள் றிப்னாவின் குரல் வந்தது. எல்லோரும் கேட்கும்படி லெய்லா சத்தத்தைக் கூட்டினார்.

“மாமி, இது கடல் சாமானே இல்லை. பவளக் காளான். காட்டுக்குள்ள, நிழலும் ஈரமும் இருக்கிற இடத்தில வாறது. ஆனா இதில கன சாதி இருக்கு. மண்ணில முளைக்கிறது வேற, உக்கின மரத்தைத் திண்டு முளைக்கிறது வேற. முளைச்ச இடம் தெரியாம நான் பேர் சொல்ல மாட்டன். கொப்பு நுனியெல்லாம் சின்னக் கிரீடம் மாதிரி இருந்தா மரத்துச் சாதியா இருக்கலாம். கெவின் அண்ணாட்ட சொல்லுங்க, கறி வைக்க வேணாம் எண்டு.”

தேங்காய்ப்பால் வரைக்கும் யோசித்து வைத்திருந்த கெவினின் முகம் வாடியது. லெய்லா கண்ணாடியைச் சரிசெய்து கொப்பு நுனிகளைப் பார்த்தார். ஒவ்வொரு நுனியும் மூன்று நாலு பல்லாகப் பிரிந்து, எறும்புக்கு முடிசூட்டப் போவது போல இருந்தது.

நளீர் அசையவில்லை.

“போன்ல கதைக்கிற புள்ளய நம்பிச் சான்றுப் பொருளைக் காளானாக்க ஏலா ராத்தா. இங்க காடு எங்க இருக்கு? இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் களப்பு, நடுவில மணல். காட்டுக் காளான் வள்ளத்துக்குள்ள எப்பிடி முளைக்கும்? முளைச்ச இடத்தைக் காட்டுங்க. அந்த நிமிசமே வழக்கை வாபஸ் வாங்குறன்.”

கேள்வி நியாயமானது. நளீரிடம் அதுதான் தொல்லை. முடிவு பிழையாக இருக்கும், கேள்வி சரியாக இருக்கும்.

“அதோட,” என்று அவர் கோப்பையை வைத்தார், “யாகப்பு நேத்துப் பின்னேரம் ஒத்துக்கொண்டுட்டார்.”

லெய்லா நிமிர்ந்தார்.

“விடியக்காத்தால அவர்ட மனுசியும் வந்தா. உடைச்சது தான்தானாம், புருசனுக்கு ஒண்டும் தெரியாதாம்.”

ஊரில் ஒரு குற்றத்துக்கு ஒரு கள்ளனைப் பிடிக்கவே பொலிஸ் படாத பாடு படுகிறது, இங்கே வரிசை கட்டி வருகிறார்கள் என்று கெவின் வியந்தான். தேவாலயத்து நத்தார்க் குழுவிலிருந்தும் ஒருவர் தொலைபேசி எடுத்ததாக நளீர் சொன்னார். அவர் ஒத்துக்கொள்ள எடுக்கவில்லை. வழக்கு முடிந்த பிறகு அந்தக் கல்லைக் கிறிஸ்து பிறப்புக்குக் கட்டும் பாலன் குடிலுக்குத் தர முடியுமா என்று கேட்க எடுத்திருக்கிறார்.

யாகப்புவும் அல்பொன்சாவும் வெளி விறாந்தையின் இரண்டு அந்தங்களில் இருந்தார்கள். பேசி ஒரே கதையாக்கிவிடக் கூடாது என்று நடுவில் ஒரு காவலாளியை இருத்தியிருந்தார்கள். அவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக் கழுத்துப் பிடித்துப்போய் இருந்தார். லெய்லா முதலில் யாகப்புவிடம் போனார். எப்படி உடைத்தீர்கள் என்று கேட்டார். கடலடிப் பாறைப் பாருக்கு மேலே சுழியோடி, அலவாங்குக் கம்பியால் ஒரே குத்து, சடார் என்று சத்தம் கேட்டது என்றார் யாகப்பு. நிறம் என்ன என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துச் சிவப்பு என்றார். யாருக்காக என்று கேட்டதும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று திருப்பிக் கேட்டார்.

அல்பொன்சா தண்ணீர் வற்றிய நேரம் நடந்துபோய்க் கையால் முறித்தாராம். ஆதாரமாக உள்ளங்கையில் ஒரு கீறலைக் காட்டினார். அது சூடை மீன் வெட்டுகிறவர்கள் எல்லோர் கையிலும் இருக்கிற கீறல். நிறம் பச்சை என்றார். எதற்காக என்று கேட்டதும் பாலன் குடிலுக்கு என்று சட்டென்று சொல்லிவிட்டு, புருசன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

“ராத்தா, கள்ளர் ரெண்டு பேரும் களவுச் சாமானைக் கண்ணால காணவே இல்லை,” என்றான் கெவின் மெதுவாக.

“தெரியுது. அப்ப ரெண்டு பேரும் வேற யாரையோ ஒளிக்கப் பாக்குறாங்க.”

நேரம் போய்க்கொண்டிருந்தது. நாளைக்குக் காலையில் இந்த இரண்டு பேரும் நீதவானுக்கு முன்னால் போய்ச் சிவப்பு, பச்சை என்று போட்டி போட்டால் வள்ளத்தோடு சேர்த்துக் குடும்பமும் போய்விடும். லெய்லா திரும்ப உள்ளே வந்து, சான்றுப் பொருளைத் தூக்கி அதன் அடியைப் பார்க்கும்படி நளீரிடமே கேட்டார். தொட அனுமதி உள்ள ஒரே ஆள் அவர்தானே.

நளீர் கையைக் கழுவி, பிஸ்மி சொல்லி, இரண்டு கையாலும் தூக்கினார். அடியில் பெருவிரல் நகமளவு ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் ஒரு பக்கம் வெள்ளை.

“பாத்தீங்களா? முருகைப் பொருக்கு.”

“திருப்புங்க தம்பி. மற்றப் பக்கம் என்ன நிறம்?”

“கபிலம்.”

“நகத்தால சுரண்டினா நூல் நூலா வருதா?”

நளீர் சுரண்டினார். வந்தது.

“கல்லு நூலா வராது. அது மரப்பட்டை. மேல இருக்கிறது சுண்ணாம்பு.” லெய்லா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மாப்பிள்ளையின் பூர்வீகம் பிடிபடுகிற நேரத்தில் அவர் நிற்பதில்லை. “காட்டில எந்த மரத்துக்கும் ஒருத்தரும் சுண்ணாம்பு அடிக்க மாட்டாங்க. வீட்டு வளவிலயும் வேலை மினக்கெட்டு அடிக்க மாட்டாங்க. மரத்துக்கு இடுப்பு வரைக்கும் சுண்ணாம்பு அடிக்கிறது எப்ப? பெரிய மனிசர் யாராவது வரப்போறார் எண்டு அரசாங்கக் காரியாலயத்துக்குத் தகவல் வந்தா.”

எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

காரியாலய வளவில் மரங்கள் வரிசையாக இடுப்பளவுக்கு வெள்ளை உடுத்து நின்றன. போன வருடம் ஒரு பெரியவர் வருகிறார் என்று அடித்தது. அவர் வரவில்லை. மரங்கள் மட்டும் இன்னும் மரியாதையாக நிற்கின்றன. வரிசையில் ஒரு இடம் பல் விழுந்தது போல வெறுமையாக இருந்தது. அங்கே ஒரு அடிக்கட்டை, அதற்கும் வெள்ளை.

அது சுண்ணாம்பு அடித்த அடுத்த மாதக் காற்றில் விழுந்த மாமரம் என்று நளீர் சொன்னார். குத்திகளாக வெட்டிப் பின்பக்கம் போட்டிருந்தார்கள். சிலதைச் சமையலுக்கு எடுத்தார்கள். “ஒண்டை மட்டும்,” என்று தொடங்கி அவர் நிறுத்திக்கொண்டார்.

“ஒண்டை மட்டும்?”

“மழைத் தண்ணி நிரம்பி அவர்ட வள்ளம் பாழாப் போகும் எண்டு மேல தறப்பாள் விரிச்சு மூடினன். தறப்பாள் நடுவில தொய்ஞ்சா தண்ணி தேங்கும். அதுக்கு முட்டுக் குடுக்க ஒரு குத்தியைத் தூக்கி வள்ளத்துக்குள்ள நிப்பாட்டச் சொன்னன்.”

நல்லெண்ணத்தில் செய்த காரியம். அதை யாரும் மறுக்க முடியாது. மற்றவன் வள்ளம் நனையக் கூடாது என்று நினைக்கிற அதிகாரிகள் இந்தக் கரையில் நிறையப் பேர் இல்லை.

அவர்கள் வெளியே போனார்கள். வள்ளம் சுவரோரமாகச் சரிந்து கிடந்தது. கெவின் தறப்பாளின் ஒரு மூலையை அவிழ்த்து உயர்த்தினான். உள்ளிருந்து சூடாக ஈர மூச்சு அடித்தது. நடுவில் நின்ற மாங்குத்தியின் காற்பகுதியை நனைந்த வலை சுற்றியிருந்தது. அதற்கு மேலே, குத்தியைச் சுற்றி, ஒரு கடலடியே முளைத்திருந்தது. கிளையும் கிரீடமுமாகப் பெரியதும் சிறியதும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, சில இளஞ்சிவப்பாக, சில தந்த நிறத்தில். சுண்ணாம்புப் பொருக்குகளைத் தள்ளிக்கொண்டு புதிதாகவும் சில வந்துகொண்டிருந்தன. நிழல், ஈரம், உக்கின மரம். காடு இல்லாத ஊரில் நளீர் ஒரு தறப்பாளுக்குக் கீழே காடு செய்து வைத்திருந்தார்.

வலைக்குப் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் பட்டை பிய்ந்திருந்தது. நளீர் உள்ளே போய் வாளியோடு வந்தார். கூழாங்கல்லை அவிழ்த்து, சான்றுப் பொருளை அந்த இடத்தில் பொருத்தினார். மூடி போட்டது போல உட்கார்ந்தது.

“கள்ளர் மூண்டு பேராச்சு,” என்றான் கெவின்.

நளீர் உடனே விட்டுக்கொடுத்திருந்தால் லெய்லா அன்றைக்குக் கொடுத்த அறிக்கை பொய்யாகிப் போயிருக்கும். அவர் குத்தியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மழைத் தண்ணீரில் மரத்தின் மேல் வளரக்கூடிய புது இன முருகை என்று எழுத இடமுண்டா என்று கேட்டார்.

“எழுதலாம் தம்பி. அப்ப நாளைக்கு நீதவான் கேப்பார், குத்தி யாருடையது, தறப்பாள் யாருடையது, வளவு யாருடையது எண்டு. பொருளைக் கைவசம் வச்சிருந்த ஆள் நீங்கதான் எண்டு வரும். அவர் கெட்டிக்காரர் எண்டா இன்னொண்டும் கேப்பார். இந்த மரங்களுக்கு அடிச்ச சுண்ணாம்பு எதைச் சுட்டு எடுத்தது எண்டு. நான் கேக்கல்லை.”

இந்தக் கரையில் பழைய காலத்துச் சுண்ணாம்பு என்றால் கடலில் உடைத்த முருகைக்கல்லைச் சூளையில் போட்டுச் சுட்டது. இந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்று நளீர் கேட்டதில்லை. இந்த வழக்கில் உண்மையான முருகைக்கல் ஏதாவது இருந்தால், அது ஒருவேளை அவருடைய மரங்களின் இடுப்பில்தான் இருந்தது.

நளீர் வாளியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சின்ன வயதில் வாப்பாவோடு தோணியில் போனால் கீழே கண்ணாடித் தண்ணீருக்குள் பூந்தோட்டம் போலத் தெரியும், இப்போது அதே இடத்தில் சுழியோடினால் சாம்பல்தான் தெரிகிறது என்று சொன்னார். “கனகாலத்துக்குப் பிறகு உசிரோட ஒண்டு கிடைச்சிது எண்டு நினைச்சிட்டன் ராத்தா.”

லெய்லாவுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. குத்தியைப் படம் பிடித்து றிப்னாவுக்கு அனுப்பினார். மரத்துச் சாதிதான், முழுப் பெயருக்கு நுணுக்குக்காட்டி வேண்டும், இவ்வளவு அழகான கூட்டத்தைத் தான் காட்டிலும் கண்டதில்லை என்று பதில் வந்தது. அந்தக் கடைசி வரியை லெய்லா நளீருக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

வழக்கு வாபஸ் என்று விறாந்தையில் அறிவித்தபோது யாரும் சந்தோசப்படவில்லை. யாகப்புவும் அல்பொன்சாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காளான் என்றால் காளானை யார் கொண்டுவந்தது என்று யாகப்பு கேட்டார். ஒருவரும் இல்லை, அது தானாக முளைத்தது என்று லெய்லா இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. காவலாளி நடுவிலிருந்து எழுந்து கழுத்தைத் தடவிக்கொண்டு போனார்.

வள்ளத்தைத் தண்ணீருக்கு இறக்கக் கெவினும் இரண்டு காவலாளிகளும் கை கொடுத்தார்கள். கரை வரை இழுத்து வந்ததும் அவர்கள் மூச்சு வாங்க ஒதுங்கினார்கள். வள்ளத்தின் இந்தப் பக்கம் யாகப்பு, அந்தப் பக்கம் அல்பொன்சா. சண்டை அங்கேதான் தொடங்கியது.

“நான் களவா முருகைக்கல் எடுப்பன் எண்டு நினைச்சீங்களா?” என்று கேட்டார் அல்பொன்சா.

“போன நத்தாருக்குக் குடில் கட்டக்க நீதானே சொன்னாய், பஞ்சு வச்சா வடிவில்லை, அந்த நாளையில போல வெள்ளைக் கல் வேணுமெண்டு. ஆரிட்டயோ வாங்கி வலைக்குள்ள ஒளிச்சு வச்சிட்டாய் எண்டு நினைச்சன்.”

“நான் சொன்னதுக்காக நீங்கதான் உடைச்சுக் கொண்டுவந்தீங்க எண்டு நான் நினைச்சன்.”

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ரோசம் வந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தும் தன்னைக் கள்ளி என்று நினைத்துவிட்டாரே என்று அவர் சத்தம் போட, தன்னைக் கள்ளன் என்று நினைத்தது மட்டும் சரியா என்று இவர் சத்தம் போட்டார். பஞ்சும் குடிலும் போன வருடத்து மாட்டுப் பொம்மையின் உடைந்த கொம்பும் எல்லாம் வெளியே வந்தன.

“ஒத்துக்கொள்ள முந்தி வள்ளத்தை யோசிச்சீங்களா?” என்றார் அல்பொன்சா. “எங்களுக்கு இருக்கிறது இது ஒண்டுதானே. ஒருக்காலாவது யோசிச்சீங்களா?”

“யோசிச்சனான். வள்ளம் போனா ரெண்டு பேரும் கூலிக்குப் போகலாம். நீ மறியலுக்குப் போனா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது?”

அல்பொன்சா முகத்தைத் துடைத்து, குனிந்து, வள்ளத்தின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்தார்.

“கதைச்சது போதும்,” என்றார். “தள்ளுங்க.”